இப்போதைக்கு அஞ்சு பேர்

நசுங்கிய கார்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. காப்பீட்டு நிறுவனத்துக்கு வரும் விபத்துப் படங்களை வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்து, இது இந்த விபத்தில் விழுந்த நசுங்கலா, இல்லை என்றைக்கோ விழுந்ததை இதன் தலையில் கட்டுகிறார்களா என்று சொல்ல வேண்டும். பழைய நசுங்கலின் ஓரத்தில் துரு இருக்கும். மடிப்புக்குள் அழுக்கு சேர்ந்திருக்கும். புதியது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். இந்த வேலையிலேயே ஊறிப்போனதில், மனிதர்களைப் பார்த்தாலும் என் கண் மடிப்புக்குள் அழுக்கைத்தான் தேடுகிறது.

"உனக்குச் சூரியன் கிழக்கே உதிச்சாலும், யாரு சொல்லி உதிச்சதுன்னு விசாரிக்கணும்" என்பார் என் வீட்டுக்காரர். அவர் எடை மெஷின் பழுதுபார்க்கிறவர். அவருக்கென்ன, முள் நடுவில் நின்றுவிட்டால் உலகமே நேராக இருக்கிறது என்று நம்பிவிடுவார்.

கீழ் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். மாடியில் என் கொழுந்தனும் அவர் மனைவியும் அவர்கள் பெண்ணும். கொழுந்தன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவர், ஓரகத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாசல் ஒன்று, சமையல் ஒன்று, இணையமும் ஒன்று. ஓரகத்திக்கு ஷிஃப்ட் மாறி மாறி வந்ததால் அந்தப் பெண் என் இடுப்பிலேயே வளர்ந்தாள். அவளுக்கு நான் வைத்த பெயர் வாலு. எனக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லி நான் யாரிடமும் மூக்கைச் சிந்தியதில்லை. வாலு இருக்கும்போது சிந்துவதற்கு என்ன இருக்கிறது? இப்போது அவள் இயந்திர வரைபடப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

கேபிள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "உங்க வீட்டு மோடம் ரொம்ப பழைய மாடல் மேடம். இனிமே ஓடாது. புதுசு வாடகைக்கு எடுத்துக்கோங்க, இல்லன்னா சொந்தமா வாங்கி மாட்டிக்கோங்க."

"இத்தனை நாள் ஓடினது இனிமே ஏன் ஓடாது?" என்றேன்.

"டெக்னாலஜி மாறிடுச்சு மேடம்."

மாறியது டெக்னாலஜி இல்லை, இவர்கள் புத்தி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வாரமே ஒரு லாரி இடித்த காரின் படம் இறங்கும்போது பம்பர் மட்டும் வந்து மிச்ச கார் வராமல் நின்றுபோனது. மேலதிகாரி அழைத்து, இப்படியே போனால் ஆபீசுக்கே வந்து உட்கார வேண்டியிருக்கும் என்றார். சரி, வாங்கித் தொலைப்போம் என்று கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

போகும் வழியில் கொழுந்தன் எனக்குப் பாடம் எடுத்தார். "தெருவுல இருந்து வர்ற கேபிளை வாங்கிக்கிறது மோடம், அண்ணி. அதை வீடு முழுக்கக் காத்துல பரப்புறது ரவுட்டர். நம்ம பழைய பெட்டியில ரெண்டும் ஒண்ணா இருக்கு. இந்தத் தடவை தனித்தனியா வாங்கிடலாம்."

"ஏன்? ஒண்ணா இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு?"

"ஒண்ணு கெட்டா ரெண்டும் போயிடும்ல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல், எதிரே வந்த ஒரு நாயைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அப்போதே லேசாக மூக்கில் வேர்த்தது.

கடையில் எங்களைப் பிடித்துக்கொண்டவர் நடுத்தர வயதுக்காரர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பேச்சில் அப்படி ஓர் இனிப்பு. அதனால் மனத்துக்குள் அவருக்குத் தேன்வாயர் என்று பெயர் வைத்துவிட்டேன். அலமாரியிலிருந்து பெட்டி பெட்டியாக எடுத்து அடுக்கினார். சிலவற்றில் ஆன்டெனாக்கள் கவிழ்த்துப் போட்ட நண்டின் கால்களைப் போல நீட்டிக்கொண்டிருந்தன.

"எத்தனை ஆன்டெனா இருக்கோ அவ்வளவு வேகமா?" என்றேன்.

"அப்படியும் சொல்லலாம் மேடம்."

"அப்படி இல்லன்னும் சொல்லலாமா?"

அவர் சிரித்தார். அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகம் வீட்டுக்கு வருமா என்று கேட்டேன். "கம்பெனி எவ்வளவு குடுக்குதோ அவ்வளவுதான் வரும்" என்றார். அப்புறம் எதற்கு அட்டையில் இந்தப் பீற்றல்? மோடத்தை மட்டும் நம் கேபிள் கம்பெனி ஒத்துக்கொள்ளும் மாடலா என்று பார்த்து வாங்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அது வெறும் டப்பாவாம். இதை நானாகக் கேட்டுத் தோண்டிய பிறகுதான் சொன்னார்.

பிறகு கேட்டார்: "வீட்டுல எத்தனை பேர் மேடம்?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

"எத்தனை பேர் ஒரே நேரத்துல உபயோகிப்பீங்கன்னு தெரிஞ்சாதானே எது தாங்கும்னு சொல்ல முடியும்?"

கொழுந்தன் முந்திக்கொண்டார். "அஞ்சு" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்தமாதிரி நிறுத்தி, "இப்போதைக்கு அஞ்சு பேர்" என்றார்.

இப்போதைக்கு! அந்த ஒரு வார்த்தையில் என் காது அப்படியே குத்திட்டு நின்றது. இத்தனை காலமாக அஞ்சு பேர்தானே? இப்போதைக்கு என்றால் அப்புறம் எத்தனை பேர்?

நான் பக்கத்து அலமாரியில் வயர்களைப் பார்ப்பதுபோல நகர்ந்தேன். நகர்ந்தவுடன் கொழுந்தன் தேன்வாயரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இந்த ரவுட்டரைக் கழட்டிட்டுப் போய், வேற ஊர்ல, வேற மோடத்தோட மாட்டினா வேலை செய்யும்ல?"

"தாராளமா செய்யும் சார். தனித்தனியா வாங்குறதுல அதுதானே சௌகரியம்."

கையில் இருந்த வயரை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை. "இன்னைக்கு வேண்டாம், யோசிச்சு வாங்கலாம்" என்று கொழுந்தனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவர் பேசவில்லை. குற்றமுள்ளவன் பேசமாட்டான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். தேடினால் கிடைக்காமல் போகுமா? கொழுந்தன் மொட்டை மாடிக்குப் போய் போன் பேசினார். நான் துணி எடுக்கப் போனதும் "சரி, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். ஓரகத்தி பரண்மேல் கிடந்த பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தாள். "எதுக்கும்மா?" என்றால், "பூச்சி அரிக்குதுக்கா" என்றாள். பூச்சி இத்தனை வருடம் அரிக்காமல் இப்போதுதான் அரிக்க ஆரம்பித்ததா? வாலு என்னைக் கண்டால் வழக்கத்துக்கு அதிகமாகக் கொஞ்சினாள். தலையில் எண்ணெய் வைத்துவிடச் சொன்னாள். அவள் எண்ணெய் என்றாலே ஓடுகிறவள்.

கடைசியாக அந்தப் படம் வந்தது. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஓரகத்தி ஒரு படத்தைப் போட்டாள். போட்ட வேகத்தில் அழித்தாள். "தப்பா வந்துடுச்சு" என்று ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டாள். அழித்துவிட்டால் ஆயிற்றா? அவள் அழிப்பதற்குள் நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். என் தொழில் அப்படி.

கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன். காலி அறை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர், ஆனால் ஜன்னலுக்குக் கீழே பழைய ஈரக்கறை. மூலையில் ஒரு கட்டில், மெத்தை இல்லாமல். தரையோரம் கேபிள் வரும் துளை, அதன் பக்கத்தில் பிளக் பாயிண்ட். அந்தத் துளையைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடகை வீடு. வேறு ஊர். வேறு மோடம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அவர்கள் தனிக்குடித்தனம் போகிறார்கள். வாலுவையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள், அவர்கள் பெண்தானே? இந்த நினைப்பு வந்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. மாலையில் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் "பெரியம்மா, பசிக்குது" என்ற குரல் பின்னாலேயே வரும். அந்தக் குரல் வராத வீட்டை நினைத்துப் பார்த்தேன். நினைக்கவே முடியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உங்க தம்பி வீட்டைப் பிரிக்கப் பார்க்கறாரு."

அவர் ஒரு தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினார். "நீயா எதையாவது கற்பனை பண்ணாத" என்றார். தட்டு ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. இருந்தும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் தனியாகக் கடைக்குப் போனேன். தேன்வாயர் தனித்தனிப் பெட்டிகளை எடுக்கக் கையை நீட்டினார்.

"அது வேண்டாம். மோடமும் ரவுட்டரும் ஒண்ணா இருக்குறது குடுங்க. பிரிக்கவே முடியாததா இருக்கணும்."

"சார் தனித்தனியா வேணும்னாரே மேடம்?"

"சார் ஆயிரம் சொல்வாரு. இதைக் கழட்டி பாதியை மட்டும் எடுத்துட்டுப் போக முடியுமா?"

"பாதியை எப்படி மேடம் எடுக்க முடியும்?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அதுதான் வேணும்" என்றேன்.

சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது அந்தப் பெட்டியைக் கூடத்து மேஜைமேல் நங்கென்று வைத்தேன். கொழுந்தன் அட்டையைத் திருப்பிப் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, இது ரெண்டும் ஒண்ணா இருக்குறது…"

"ஆமா. ஒண்ணாத்தான் இருக்கு. ஒண்ணாத்தான் இருக்கும்" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "வீட்டைப் பிரிக்கிறதா இருந்தா என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க தம்பி. கடைக்காரன்கிட்ட குசுகுசுன்னு பேசாதீங்க. வாடகை வீட்டுப் படத்தைப் போட்டுட்டு அழிக்காதீங்க. நான் என்ன வழிப்போக்கியா? எல்லாம் முடிவு பண்ணிட்டு, பெட்டியைக் கட்டிட்டு, கடைசியில போயிட்டு வரேன்னு சொல்லத்தான் நான் இங்க இருக்கேனா?"

ஓரகத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கொழுந்தன் என்னைப் பார்க்கவில்லை, தன் பெண்ணைப் பார்த்தார். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும்.

வாலு மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றிருந்தாள். "அவங்க போகல பெரியம்மா" என்றாள். "போறது நான் மட்டும்தான்."

எனக்குப் புரியவில்லை. அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். துறைமுகம் இருக்கும் ஊரில் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியில் வரைபட வேலை கிடைத்திருக்கிறது. தங்குவதற்கு ஓர் அறையும் பார்த்தாகிவிட்டது. அந்த அறையில் மோடம் உண்டு, ரவுட்டர்தான் கிடையாது. அதனால் இங்கே நல்லதாக ஒன்று வாங்கி, அதை அவள் எடுத்துக்கொண்டு போவது, வீட்டுக்கு அப்புறம் வேறொன்று வாங்குவது. இதுதான் கொழுந்தனின் மகா சதி.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்றேன்.

வீட்டுக்காரர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அந்த எடை மெஷின்காரருக்கு ஒரு பொய்யைச் சமமாகப் பிடித்துக்கொள்ளத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் தெரியாதவள் நான் ஒருத்திதான். கார்க் கதவில் முடியளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவள் நான்!

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல? அந்த ஊருக்குப் போய் வீட்டுக்காரனை விசாரிப்பேன்னா? கம்பெனியைத் துருவுவேன்னா?"

"அதுக்கெல்லாம் நான் பயப்படல" என்றாள் வாலு. "நீங்க போகாதன்னு சொல்லிட்டா நான் போகமாட்டேன். அப்பா சொன்னாலும் அம்மா சொன்னாலும் சண்டை போட்டுட்டுப் போயிடுவேன். நீங்க சொன்னா முடியாது. அதான் நானே சொல்றேன்னு எல்லாரையும் தடுத்து வெச்சேன். தினமும் சொல்லணும்னு கீழ வருவேன். வந்துட்டு எண்ணெய் வெச்சுவிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவேன்."

அந்த ஒரு வார்த்தை என் நாக்கின் நுனியில் நின்றது. போகாத. அவ்வளவுதான். சொன்னால் பரண்மேல் இருந்து இறங்கிய பெட்டி மறுபடி பரண்மேல் ஏறிவிடும். மாலையில் கேட் சத்தம் கேட்கும், பசிக்குது என்று குரல் வரும். எனக்கு அது வேண்டும். இப்போதும் சொல்கிறேன், வெட்கமில்லாமல் வேண்டும். வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் வரும் என்று தெரிந்ததால் வாயைத் திறக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் வேலைக்கு உட்கார்ந்தேன். பழைய பெட்டி தள்ளாடித் தள்ளாடி ஒரு காரின் பின்பக்கத்தைக் கொண்டுவந்து கொண்டிருந்தது. அது வருவதற்குள் அந்த அறைப் படத்தை மறுபடி திறந்தேன். ஈரக்கறை. துளை. பிளக் பாயிண்ட். எல்லாம் முன்பு பார்த்ததுதான். அப்புறம்தான் கட்டிலைப் பார்த்தேன்.

ஒற்றைக் கட்டில். ஓர் ஆள் புரண்டு படுத்தால் கீழே விழுந்துவிடுகிற ஒற்றைக் கட்டில். குடும்பம் குடியேறுகிற அறையில் யாராவது இப்படி ஒரு கட்டிலைப் போடுவார்களா? கண்ணெதிரே இருந்த கட்டிலை விட்டுவிட்டுத் தரையோரத் துளையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்படி ஒரு அறிக்கையை வேறு யாராவது எழுதியிருந்தால் கிழித்து எறிந்திருப்பேன்.

பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். வாலு தூங்குகிற கோணல் எனக்குத் தெரியும். ஒரு கால் எப்போதும் கட்டிலுக்கு வெளியே தொங்கும். அந்தக் கட்டிலில் அவளைப் படுக்கவைத்துப் பார்த்தேன். பிறகு ஜன்னல் கம்பிகளைப் பார்த்தேன். பிறகு கதவைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு மறுபடி மூக்கில் வேர்த்தது.

"வாலு!" என்று மாடிக்குக் கேட்கக் கத்தினேன். தடதடவென்று இறங்கி வந்தாள். கண் வீங்கியிருந்தது. அவளும் தூங்கவில்லை.

"இந்த அறைக் கதவுல உள்தாழ்ப்பாள் எங்க?"

"இருக்கு பெரியம்மா. படத்துல தெரியல."

"படத்துல தெரியலன்னா இல்லன்னுதான் எங்க ஆபீஸ்ல எழுதுவோம். ஜன்னலுக்குக் கீழ என்ன ஈரம்? மழை உள்ள வருதா, குழாய் ஒழுகுதா? வீட்டுக்காரன் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சிருக்கான், பார்த்தாலே தெரியுது. நீ வேலையில சேர்றதுக்கு முன்னாடி நான் நேர்ல வந்து பார்க்கணும். பார்க்காம ஒரு சாமானும் அந்த அறைக்குள்ள போகக்கூடாது."

"அப்போ…" என்றாள்.

"என்ன அப்போ? போய் மூஞ்சியக் கழுவு."

அவள் மூஞ்சியைக் கழுவவில்லை. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு புடவையை நனைத்தாள். "விடுடி, கார் வந்துடுச்சு, வேலையைப் பார்க்கணும்" என்றேன். திரையில் கார் பாதிதான் வந்திருந்தது.

மத்தியானம் பிரிக்காத பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். தேன்வாயர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு சண்டைக்குத் தயாராகிறார் என்று தெரிந்தது.

"பிரிக்கல, சீல் அப்படியே இருக்கு, பார்த்துக்கோங்க. இதை எடுத்துக்கிட்டுத் தனித்தனியா குடுங்க. மோடம் ஒண்ணு. ரவுட்டர் ரெண்டு."

"பிரிக்கவே முடியாததா வேணும்னீங்களே மேடம்?"

"கேட்டதைக் குடுங்க."

மோடத்தை எடுத்து வைத்தார். அதன் மாடலைக் கேபிள் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டு, சரி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் தலையாட்டினேன். பிறகு அவர் கேட்டார்: "வீட்டுல எத்தனை பேர்?"

இந்த முறை எதற்கு என்று நான் கேட்கவில்லை. "நாலு" என்றேன். அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வயர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் நல்ல மனுஷன், நாலு பேருக்கு ஏற்ற ரவுட்டரைத் தேடுகிறமாதிரி கொஞ்சம் அதிக நேரம் தேடினார்.

"இன்னொண்ணு எங்கே வைக்க மேடம்?"

"அது வேற ஊருக்கு. ஒரே அறை."

"அங்க எத்தனை பேர்?"

"ஒரு ஆள்."

"அப்போ இந்தச் சின்னதே போதும்" என்று உள்ளங்கையளவு பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். விலை குறைந்ததைத் தானாக முன்வந்து காட்டுகிறார் என்றால் அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். நானே ஒத்துக்கொள்கிறேன்.

"அது வேண்டாம். அஞ்சு பேருக்குத் தாங்குற மாதிரி குடுங்க."

"ஒரு ஆளுக்கு அது எதுக்கு மேடம்?"

"இப்போதைக்குத்தான் ஒரு ஆள்" என்றேன். "லீவு கிடைக்கிறப்போ எல்லாம் நாங்க நாலு பேரும் அங்கதான் இருப்போம். நீங்க பில்லைப் போடுங்க. சீல் உடையாத பெட்டியா பார்த்து எடுங்க."